கண்ணை இருட்டும் கழுத்து

விழித்திரைக்கு ரத்தம் நின்றுபோனால் அது எவ்வளவு நேரம் தாங்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பல்லாண்டு உழைத்தவர் சோஹன் சிங் ஹேரே. பஞ்சாபில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கண் மருத்துவர். வயதான ரீசஸ் குரங்குகளின் விழித்திரைத் தமனியை இறுக்கிப் பிடித்து, வெவ்வேறு நேரம் கழித்து விடுவித்துப் பார்த்தார். 97 நிமிடம் வரை விழித்திரை பிழைத்துக்கொண்டது. அதற்குமேல் போகப்போகச் சேதம் கூடியது. 240 நிமிடம் ஆனபோது மீட்க முடியாத அளவுக்கு அது அழிந்திருந்தது.

97 நிமிடம், 240 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சாலைகளில் வைத்துப் பார்க்க வேண்டும். மூணாறிலிருந்து தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தேனி சேரப் பேருந்தில் மூன்று மணி நேரம் போல ஆகும். கொச்சிப் பக்கம் போனால் அதைவிடக் கூடும். மறையூர், காந்தளூர்க்காரர்கள் சின்னாறு வனத்தைக் கடந்து உடுமலைப்பேட்டைக்கு வர வேண்டும். இடமலைக்குடியின் முதுவான் குடிகளுக்கோ, மூணாறு வந்து சேர்வதே பெரும்பாடு. மழைக்காலத்தில் மண் சரிந்து மலைச்சாலை அடைபடும் நாட்களைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

பாலக்காட்டு எல்லையின் கதை வேறு. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பகுதி மக்களுக்குக் கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் அதே மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்காரர், தம் மாவட்டத் தலைநகருக்குப் போகவே டாப்சிலிப், சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும்.

தூரம் கொடுமைதான். ஆனாலும் இந்த மலையோரங்களில் ஒரு கண்ணோ ஓர் உயிரோ கைநழுவிப் போவதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. பலருக்குச் சில நாட்கள் முன்னதாகவே ஓர் எச்சரிக்கை வந்துவிடுகிறது. அது வலிக்காது. சில நிமிடங்களில் தானே சரியாகியும் விடும். சரியாகிவிடுவதுதான் அதில் உள்ள ஆபத்து.

எச்சரிக்கை இப்படி வரும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். பிரஷர் உண்டு, பீடி உண்டு. காலையில் ஏலக்காட்டில் நிற்கும்போது ஒரு கண்ணில் மட்டும் மேலிருந்து திரை இறங்குவதுபோல இருட்டு கவிகிறது. அல்லது ஒரு பக்கமாகப் புகை மூட்டம்போல் படர்கிறது. வலி இல்லை, மயக்கம் இல்லை. கண்ணைக் கசக்கி, தண்ணீர் அடித்து, சற்று உட்காருகிறார். ஐந்து பத்து நிமிடத்தில் திரை விலகிப் பார்வை பழையபடி வந்துவிடுகிறது. பித்தம் என்றோ, வெயில் என்றோ, காலையில் சாப்பிடாதது என்றோ சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். அன்றைய கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக, இப்போது அவருக்கு ஒரு நோவும் இல்லையே.

அந்த ஐந்து நிமிடத்தில் நடந்தது கண்ணின் கோளாறு அல்ல, கழுத்தின் கோளாறு.

இதயத்திலிருந்து தலைக்கு ஏறும் ரத்தத்தின் பெரும்பகுதி, கழுத்தின் இரு பக்கமும் உள்ள கரோட்டிட் தமனிகள் வழியாகப் போகிறது. தொண்டைக் குமிழுக்குப் பக்கத்தில் விரலை மென்மையாக வைத்தால் துடிப்பதாகத் தெரியும் குழாய் அதுதான். தாடைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கும் தலையின் மேல்தோலுக்கும் போகிறது. உட்கிளை கழுத்தில் எங்கும் கிளைவிடாமல் நேராக மண்டையோட்டுக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் அது விடும் முதல் முக்கியக் கிளை கண்ணுக்கானது. அதன்பிறகுதான் மூளைக்குக் கிளைகள் பிரிகின்றன. ஆகவே கழுத்தில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போனால், அது மூளைக்குப் போகலாம், கண்ணுக்கும் போகலாம். பாதை ஒன்றே.

தமனி இரண்டாகப் பிரியும் அந்த இடத்தில் ரத்தம் சீராக ஓடாமல் சுழல்கிறது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை ஆகியவை கைகோத்தால் கொழுப்பும் சுண்ணமும் முதலில் படிவது பெரும்பாலும் அங்கேதான். படிவின் மேல்பரப்பு வெடித்தால் அங்கே ரத்தம் உறைகிறது. உறைந்த கட்டியின் துகள்களும், பளபளக்கும் கொழுப்புத் துகள்களும் ஓட்டத்தோடு மேலே போகின்றன. கண்ணின் மையத் தமனியின் குறுக்களவு சுமார் 0.16 மில்லிமீட்டர். ஒரு சிறு துகள் போதும் அதை அடைக்க. துகள் கரைந்தோ நகர்ந்தோ போனால் பார்வை திரும்புகிறது, போகாவிட்டால் திரும்புவதில்லை.

இந்த உண்மை மருத்துவ உலகுக்கே தாமதமாகத்தான் புரிந்தது. விழித்திரைத் தமனி அடைபட்டுப் பார்வை போகும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஃபான் கிரேஃபே 1859-லேயே விவரித்திருந்தார். ஆனால் கழுத்தை யாரும் நினைக்கவில்லை. கனடாவின் மில்லர் ஃபிஷர் 1951-இலும் 1952-இலும் எழுதிய கட்டுரைகள்தான் முடிச்சை அவிழ்த்தன. பக்கவாதம் வந்த நோயாளிகளிடம் பொறுமையாக உட்கார்ந்து பழைய கதை கேட்டவர் அவர். சிலர், கைகால் விழுவதற்கு முன்பே ஒரு கண் அவ்வப்போது இருண்டு தெளிந்ததாகச் சொன்னார்கள். இதில் வியப்பு என்னவென்றால், இடப்பக்கம் செயலிழந்தவருக்கு இருண்டது வலக்கண். மூளையின் வலப்பாதி உடலின் இடப்பாதியை ஆள்கிறது, வலக்கண்ணோ வலக் கழுத்துத் தமனியிலிருந்தே ரத்தம் பெறுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குற்றவாளி வலக் கழுத்தில் இருக்க வேண்டும். 1959-இல் ஃபிஷர் ஒரு படி மேலே போனார். கண் இருண்டிருந்த நேரத்திலேயே ஒருவரின் விழித்திரையைக் கருவிகொண்டு பார்த்து, தமனிக்குள் வெண்ணிறத் துகள்கள் மெல்ல நகர்ந்து செல்வதை நேரில் கண்டு எழுதினார். இரண்டே ஆண்டில், மாயோ கிளினிக்கின் ராபர்ட் ஹாலன்ஹார்ஸ்ட் விழித்திரைக் குழாய்களின் கவைகளில் பொன்னிறமாக மின்னும் கொழுப்புத் துணுக்குகளைப் பற்றி எழுதினார். அவை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

ஒருவரின் மனம் விட்டுப் பேசும் பேச்சைக் கேட்டதிலிருந்து கிடைத்த கண்டுபிடிப்பு இது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கூட்டம் நெரியும் காலையில் அதைச் செய்வது எளிதல்ல. ஆனால் ஒரு கேள்வி கேட்க நேரம் பிடிக்காது: இருண்டது ஒரு கண்ணா, இரண்டுமா? இரண்டு கண்ணும் சேர்ந்து இருண்டால் அது பெரும்பாலும் தலைக்கே ரத்தம் குறைந்த மயக்கம், அல்லது பார்வையை ஆளும் மூளைப்பகுதியின் சிக்கல். ஒன்று மட்டும் என்றால் கழுத்தையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் அந்த நேரத்தில் கண்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பதில்லை. அதனால் பிறகு கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை.

துகள் பறந்து போய் அடைப்பது ஒரு வழி. இன்னொரு வழி மெதுவானது, அதனால் கண்டுபிடிக்கக் கடினமானது. கழுத்துத் தமனி பாதி அளவு சுருங்கும்வரை மேலே போகும் ரத்தம் பெரிதாகக் குறைவதில்லை. 70 விழுக்காட்டைத் தாண்டியதும் ஓட்டம் சடசடவென்று விழுகிறது. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து விவசாயிக்கு இது சொல்லாமலே புரியும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். மேலே மதகைத் தாழ்த்தும்போது தலைமடை வயலுக்கு உடனே ஒன்றும் தெரியாது. கடைமடைதான் முதலில் காயும். கண் அப்படி ஒரு கடைமடை. விழிக்கோளத்துக்குள் எப்போதும் 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவில் ஓர் அழுத்தம் உண்டு. அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டுதான் ரத்தம் உள்ளே நுழைய முடியும். தமனியின் அழுத்தம் குறையக் குறைய அந்தத் தள்ளலுக்கு வலு இல்லாமல் போகிறது. 90 விழுக்காடு அடைப்பில், கண்ணின் மையத் தமனிக்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிறது.

உடல் சும்மா இருப்பதில்லை. மூளையின் அடியில் உள்ள தமனி வளையம் மறுபக்கத்திலிருந்து ரத்தம் கொண்டுவர முயல்கிறது. முகத்துக்குப் போகும் வெளிக்கிளையிலிருந்து கண்குழி வழியாகப் பின்னோக்கி ரத்தம் பாய்ந்து மூளைக்குப் போவதும் உண்டு. அப்படிப் பாயும்போது மூளை தப்பிக்கிறது, கண்ணுக்கு வரவேண்டிய பங்கு குறைகிறது. இந்த மாற்றுவழிகள் எல்லோருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. அதனால்தான் ஒரே அளவு அடைப்பில் ஒருவர் ஒன்றும் தெரியாமல் நடமாட, இன்னொருவரின் கண் அவிகிறது.

இப்படிப் பட்டினி கிடக்கும் கண்ணின் அடையாளங்களில் ஒன்று மலைக்காட்டு வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புள்ளது. நிழலில் இருந்து கடும் வெளிச்சத்துக்கு வந்ததும் அந்த ஒரு கண் மட்டும் வெளுத்துப் போய், மீண்டும் பார்வை தெளிய வெகுநேரம் ஆகும். பிரகாசத்தில் வேலை செய்ய விழித்திரைக்கு மிகுந்த சத்து வேண்டும், அதைக் கொடுக்க ரத்தம் இல்லை. மாயோ கிளினிக்கின் மருத்துவர்கள் 1979-இல் இந்த அறிகுறியைத் தனியாக எடுத்து எழுதினார்கள். ஏலக்காட்டின் நிழலிலிருந்து ரோட்டு வெயிலுக்கு வரும் ஒருவர் இதைச் சொன்னால் கண்புரை என்றே முதலில் தோன்றும். கண்புரையிலும் வெளிச்சம் கூசும் என்பதால் அந்தத் தவறு எளிதில் நேர்கிறது. புருவத்தைச் சுற்றி மந்தமான வலி, படுத்தால் குறைவது, எழுந்தால் கூடுவது ஆகியவை சேர்ந்தால் ஐயம் வலுக்கிறது.

சர்க்கரை நோயோடு குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. பட்டினிக் கண்ணின் விழித்திரையில் சிறு சிறு ரத்தப்புள்ளிகள் தோன்றும். சர்க்கரையால் கெட்ட விழித்திரையிலும் அவையே தோன்றும். ஐசிஎம்ஆர் நடத்தி 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, கேரளத்தில் 25.5 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கண்டது. அத்தனை பேர் இருக்கும் ஊரில் ரத்தப்புள்ளியைப் பார்த்ததும் சர்க்கரை என்று எழுதுவது இயல்பு. ஆனால் சர்க்கரை பொதுவாக இரு கண்ணையும் ஏறக்குறைய ஒன்றாகத் தாக்கும். ஒரு கண் மட்டும் மோசம், மறுகண் நன்று என்றால் கழுத்தை ஸ்கேன் செய்யாமல் விடக்கூடாது. கேரளத்தில் 2019-இல் தொடங்கிய நயனாமிர்தம் திட்டத்தில் குடும்ப நல மையங்களிலேயே விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். மலைக்குக் கீழே தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1985 முதல் இயங்குகிறது. கோவையில் 1997 முதல். இந்தப் படங்கள் சர்க்கரைக்காக எடுக்கப்படுபவைதாம். ஆனால் இரு கண் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், கழுத்து அடைப்பைச் சந்தேகிக்க அவற்றிலேயே இடம் உண்டு.

ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? ஃபிலடெல்ஃபியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையிலிருந்து சிவலிங்கம், கேரி பிரவுன் முதலியோர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு விடை சொல்கிறது. கழுத்து அடைப்பால் கண் பட்டினி கிடந்த நோயாளிகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுக்குள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் மாரடைப்பு, அடுத்தபடியாகப் பக்கவாதம். கண்ணில் தெரிந்தது, உடல் முழுவதும் தமனிகளில் நடந்துகொண்டிருந்த சேதத்தின் ஒரு துண்டு.

கழுத்துதான் எப்போதும் காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. இந்தியர்களிடம், மேற்கத்தியரைவிட, மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளில் அடைப்பு அதிகம். சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவர்களுக்கும், இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கும் துகள் இதயத்திலிருந்தே கிளம்பும். இளம்பெண்ணுக்குக் கண் இருண்டால் டகயாசு நோயையும் நினைக்க வேண்டும். பெருந்தமனியும் கழுத்துத் தமனிகளும் அழற்சியால் தடித்துச் சுருங்கும் நோய் அது. ஆசியப் பெண்களிடம், இந்தியாவிலும், கூடுதலாகக் காணப்படுகிறது. அதை முதலில் கவனித்தவர் மிகிதோ டகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர். இளம்பெண் ஒருத்தியின் விழித்திரையில் குழாய்கள் மாலைபோல் சுற்றிப் பின்னியிருந்ததை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அறிவித்தார். அதைக் கேட்ட சகாக்கள், தாங்கள் பார்த்த இத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே பிடிபடவில்லை என்று சொன்னார்கள். கண்ணில் தொடங்கிய கவனிப்பு உடலின் பெருந்தமனிவரை போய்ச் சேர்ந்தது.

இனி மருத்துவம். முற்றாக அடைபட்டுவிட்ட விழித்திரைத் தமனியைத் திறக்க உறுதியான வழி இன்றுவரை இல்லை. விழியை அழுத்திவிடுவது, கண் அழுத்தத்தைக் குறைப்பது எனப் பல முயற்சிகள் உண்டு, நம்பத்தகுந்த பலன் கிடைப்பது அரிது. கண் போனபின் செய்யும் வேலை பெரும்பாலும் மூளையைக் காப்பாற்றும் வேலையே.

திரை விலகிப் பார்வை திரும்பியவரின் நிலை வேறு. அவருக்குச் செய்யக்கூடியது ஏராளம். கழுத்துக்கு ஒரு டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் சி.டி. ஆஞ்சியோ, இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள். பீடியை அன்றோடு விட வேண்டும். அடைப்பு மிகுதியாக இருந்தால் கழுத்துத் தமனியைத் திறந்து படிவை வழித்தெடுக்கும் அறுவை உண்டு, சிலருக்கு ஸ்டென்ட். 1953-இல் ஹூஸ்டனில் டெபேக்கியும், 1954-இல் லண்டனில் ஈஸ்ட்காட்டும் இந்த அறுவைக்கு வழிவகுத்தார்கள். அது உண்மையில் பக்கவாதத்தைத் தடுக்கிறதா என்பது 1991-இல் வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில்தான் தெளிவாயிற்று. 70 விழுக்காட்டுக்கு மேல் அடைப்பும் அறிகுறியும் உள்ளவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கு இரண்டே ஆண்டில் அதே பக்கப் பக்கவாதம் வந்தது. அறுவை செய்தவர்களில் அது 9 விழுக்காடு. கண் மட்டும் இருண்டவர்களுக்கு ஆபத்து, கைகால் தற்காலிகமாக விழுந்தவர்களுக்கு இருப்பதில் பாதி அளவே என்று அதே ஆய்வின் தரவுகள் பின்னர் காட்டின. பாதி என்பதும் சிறிதல்ல.

அறுவையின் பலன் முதல் இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் அதிகம். மருந்தும் அப்படியே. ஆக்ஸ்ஃபோர்டில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், தற்காலிக அறிகுறியோடு வந்தவர்களை உடனுக்குடன் பரிசோதித்து மருந்து தொடங்கியபோது, 90 நாளில் மறுபடி பக்கவாதம் வந்தோர் 10.3 விழுக்காட்டிலிருந்து 2.1 ஆகக் குறைந்தார்கள். புதிய மருந்து எதுவும் அதில் இல்லை. இருக்கும் மாத்திரைகளைத் தாமதமில்லாமல் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மலையோர ஊர்களுக்கு இதைவிட நம்பிக்கை தரும் ஆய்வு வேறில்லை. பெரிய ஆஸ்பத்திரியைத் தோட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. அன்றைக்கே சந்தேகித்து அன்றைக்கே அனுப்பும் பழக்கத்தை எந்த டிஸ்பென்சரிக்கும் கொண்டுவர முடியும்.

கிராமத்தில் இருப்பதே ஒரு பாதகம் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவன மருத்துவர்கள் 2005-இல் ஆறு மாதம் நடத்திய திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேட்டில் 541 பேர் சேர்ந்தார்கள். பக்கவாதம் வரும் விகிதம் நகரத்திலும் கிராமத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 24.5 விழுக்காடு, கிராமத்தில் 37.1. அது தலைநகரை ஒட்டிய சமவெளிக் கிராமம். அங்கேயே அந்த நிலை என்றால், உடும்பன்சோலையிலும் வட்டவடையிலும் வசிப்பவர்களைப் பற்றி அரசு இன்னும் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் பக்கவாதப் பிரிவு தொடங்கும் கேரளத்தின் சிரஸ் திட்டம் நல்ல முயற்சி. கண் இருண்டு தெளிந்தவரும் அந்தப் பிரிவின் நோயாளிதான் என்பதை அங்குள்ளவர்களும், மலையேறி வேலைக்கு வருபவர்களைப் பார்க்கும் தேனி, கம்பம் மருத்துவர்களும் மனதில் இருத்த வேண்டும். கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடிகாலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் தொழிலாளியின் ரத்தக்குழாய்க்கு மாநில எல்லை தெரியாது. அவருடைய பிரஷர் சீட்டு ஒரு மாநிலத்திலும் வேலை இன்னொரு மாநிலத்திலும் இருப்பதால் சிகிச்சை அறுபடக் கூடாது.

இதை வாசிப்பவர் யாராயினும், வீட்டிலோ லயத்திலோ ஒருவர் கண் இருட்டியதாகச் சொன்னால், உடனே ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கண், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாய் கோணுகிறதா, கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தாலோ, கண் தெளியவே இல்லை என்றாலோ 108-ஐ அழையுங்கள். எல்லாம் சரியாகிவிட்டாலும் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். கண் டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டு, சொட்டு மருந்தோடு திரும்பாதீர்கள். கழுத்து டாப்ளர் எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள், அன்றைக்கே கேளுங்கள்.